இளையோர் வாசிப்பு வட்டத்தில் ஓர் இருண்ட மந்திரப் பள்ளி நாவல்: நிகழ்வு ஆய்வு

## பின்னணி

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வார இறுதியில் கூடுவோம். புத்தகம் ஆங்கிலமாக இருந்தாலும் பேச்சு தமிழில்தான். நடத்துவது நானும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும். பிள்ளைகள் அவரை ஐயா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவார்கள். இந்தக் குறிப்பில் யார் பெயரையும் எழுதவில்லை. ஆளை அடையாளம் காட்டிவிடும் விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட பிள்ளைகளும் பெற்றோரும் எழுதச் சம்மதம் தந்த பிறகே எழுதுகிறேன். இதே மாதிரி வட்டம் நடத்துபவர்களுக்கும், பதின்வயதினர் கையில் கனமான புத்தகத்தைக் கொடுக்கலாமா என்று தயங்குபவர்களுக்கும் உதவும் என்ற நம்பிக்கையில்.

அந்தப் பருவத்துக்கான புத்தகத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். மந்திரப் பள்ளிக் கதைகளைச் சின்ன வயதிலேயே படித்து முடித்தவர்கள் அவர்கள். விருந்தும் விளையாட்டும் உள்ள பள்ளி இனி வேண்டாம், பயமான பள்ளி வேண்டும் என்றார்கள். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி நவோமி நோவிக் எழுதிய ‘எ டெட்லி எஜுகேஷன்’ நாவலை முன்மொழிந்தாள். 2020 செப்டம்பரில் வந்த நூல். மூன்று நூல் தொடரின் முதலாவது. அடுத்த இரண்டும் 2021, 2022ஆம் ஆண்டுகளில் வந்தன. அமெரிக்காவில் இதை வெளியிட்டது பெரியவர்களுக்கான கற்பனைக் கதைகளைப் போடும் பதிப்பகம். ஆனால் கதை சொல்பவள் பள்ளி மாணவி என்பதால் பதின்வயதினரும் நிறையப் படிக்கிறார்கள். இந்த இரட்டை நிலை பின்னால் எங்களுக்கு வேலை வைத்தது.

கதை நடக்கும் பள்ளியின் பெயர் ஸ்கோலோமான்ஸ். இது நோவிக் கற்பனையாக உருவாக்கிய பெயர் அல்ல. டிரான்சில்வேனிய நாட்டார் கதைகளில், சாத்தானே மந்திரம் கற்றுத்தரும் பள்ளி ஒன்று உண்டு. பத்துப் பேர் சேருவார்கள். படிப்பு முடிந்ததும் ஒன்பது பேரை அனுப்பிவிட்டுப் பத்தாமவனைக் கூலியாக வைத்துக்கொள்வான். எமிலி ஜெரார்ட் 1885இல் இதை ஆங்கிலத்தில் எழுதினார். 1897இல் வந்த ‘டிராகுலா’விலும் இந்தப் பள்ளி வருகிறது. நோவிக் அந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறார். அவருடைய பள்ளியில் உயிரோடு வெளியே வருபவர்கள்தான் சிறுபான்மை.

## நாவலின் உலகம், சுருக்கமாக

ஆசிரியர் கிடையாது. விடுமுறை கிடையாது. வெற்றிடத்தின் நடுவே தொங்கும் இயந்திரக் கட்டடம், அதற்குள் நான்கு வருடம். மந்திரசக்தி உள்ள பிள்ளைகளைத் தின்ன அலையும் ஜந்துக்கள் குளியலறைக் குழாய், சாப்பாட்டுத் தட்டு, படுக்கை எங்கு வேண்டுமானாலும் வரும். வெளியே போக ஒரே வாசல். அந்த வாசல் இருக்கும் கீழ்க்கூடத்தில்தான் மிகப் பெரிய ஜந்துக்கள் காத்துக்கிடக்கும். இவ்வளவும் இருந்தும் பெற்றோர் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். காரணம், வெளியே இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு இதைவிடக் குறைவு.

கதை சொல்பவள் எல். வேல்ஸ் நாட்டுத் தாய்க்கும் மும்பைக் குடும்பத்துத் தந்தைக்கும் பிறந்தவள். பேரழிவு மந்திரங்கள் அவளுக்கு இயல்பாகவே வரும். அறையைச் சுத்தம் செய்ய ஒரு மந்திரம் கேட்டால் ஊரை எரிக்கும் மந்திரம் கிடைக்கும். அவளோ யாருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்கிறாள். ஓரியன் லேக் என்ற பையன் கண்ணில் பட்டவர்களை எல்லாம் காப்பாற்றிக்கொண்டே இருப்பவன். அவன் அவளையும் காப்பாற்றுவதில் அவளுக்கு எரிச்சல். கதை அங்கே தொடங்குகிறது.

## முதல் கூட்டம்: பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள்

முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐம்பது பக்கத்துக்கு மேல் போகவில்லை. எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான். ஒரு ஜந்து கதவருகே வந்து நிற்கிறது. அடுத்த வரியில் சண்டை வரும் என்று பார்த்தால், அந்த ஜந்து எந்த வகை, அந்த வகையை யார் உருவாக்கினார்கள், பள்ளியின் குழாய் அமைப்பு எப்படி என்று இரண்டு பக்கம் ஓடுகிறது. திரும்பிச் சம்பவத்துக்கு வரும்போது எங்கே நின்றோம் என்பதே மறந்துபோகிறது. போதாததற்கு எல்லின் வாக்கியங்கள் நீளமானவை, பிரிட்டிஷ் பேச்சுவழக்கு கலந்தவை. தமிழ்வழியில் படிக்கும் மூன்று பேருக்கு இது உண்மையான சுமை.

இது நாவலின் குறைதான். சிலர் இதை எல்லின் குணம் என்று வாதாடுவார்கள். எந்நேரமும் உயிருக்குப் பயந்து கணக்குப் போடும் பெண்ணின் மனம் இப்படித்தான் ஓடும் என்பார்கள். எங்கள் வட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்படியே சொன்னான், நன்றாகவும் சொன்னான். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. குணத்தைக் காட்ட ஒரு பத்தி போதும். அதே உத்தியைப் புத்தகத்தின் முதல் பாகம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, ஆசிரியர் தன் உலகத்தை விளக்கும் வேலையைப் பாத்திரத்தின் தலையில் கட்டுவது தெரிகிறது.

புத்தகத்தை மாற்றிவிடலாமா என்று ஐயா கேட்டார். மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தோம். நிறுத்தியவர்கள் யாரும் கதை பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை, வழி தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆகவே முன்னே போனவர்களைக் கொண்டு ஒரே பக்கத்தில் பள்ளியின் விதிகளைத் தமிழில் எழுதவைத்தோம். மனா என்பது சொந்த உழைப்பில் சேர்க்கும் சக்தி. மாலியா என்பது இன்னொரு உயிரிலிருந்து உறிஞ்சும் சக்தி. என்க்ளேவ் என்பது பணக்கார மந்திரவாதிகளின் பாதுகாப்பான குடியிருப்பு. மொழி விதி ஒன்றும் உண்டு. ஒரு மொழியில் ஏதாவது படிக்கத் தொடங்கிவிட்டால், பள்ளி அந்த மொழியிலும் மந்திரங்களைக் கொடுக்கத் தொடங்கிவிடும். அதனால் தெரியாத மொழிப் புத்தகத்தைத் தெரியாமல் திறந்தாலும் மாட்டிக்கொள்ளலாம். கதைச் சுருக்கம் எதுவும் அந்தத் தாளில் கூடாது, விதிகள் மட்டும் என்று கறாராகச் சொன்னோம். கதையைச் சொல்லிவிட்டால் படிக்க என்ன இருக்கிறது?

நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு மறுபடி படிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் வரவே இல்லை. அவர்களுக்கு இந்த வகைக் கதையே ஒத்துவரவில்லை. வற்புறுத்தவில்லை.

## ஒரு தாயின் ஆட்சேபம்

ஒன்பதாம் வகுப்புப் பையனின் அம்மா தொலைபேசியில் அழைத்தார். மகன் மேசையில் வைத்துப்போன புத்தகத்தைப் பிரித்திருக்கிறார். கண்ணில் பட்டது மாவ்-மவுத் வரும் இடம். அது இந்த நாவலின் மிகக் கொடூரமான ஜந்து. விழுங்கப்பட்டவர்கள் சாகமாட்டார்கள், அவர்களுடைய கண்களும் வாய்களும் அதன் உடம்பில் தெரிந்துகொண்டே, நினைவோடு, முடிவே இல்லாமல் வேதனைப்படுவார்கள். இன்னொரு இடத்தில் சக மாணவனே எல்லின் வயிற்றில் கத்தியால் குத்துகிறான். “இதைப் படிச்சு இவன் என்ன கத்துக்கப்போறான்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையாகத்தான் கேட்டார்.

நியாயமான கேள்வி. சமாதானம் சொல்லி அனுப்பக் கூடாது என்று நினைத்தோம். மூன்று விஷயம் செய்தோம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் நாவலில் என்னென்ன வரும் என்று ஒளிக்காமல் எழுதி அனுப்பினோம். அந்த அத்தியாயத்தைக் கூட்டத்தில் சத்தமாக வாசிப்பதில்லை, விரும்பாதவர்கள் தாண்டிப்போகலாம், அங்கே நடப்பதை ஒரே வரியில் சொல்லித்தருவோம் என்று வைத்துக்கொண்டோம். அந்த அம்மாவிடம், முடிந்தால் அந்த அத்தியாயத்தை மட்டும் முழுதாகப் படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று கேட்டேன்.

அவர் படித்தார். அந்த அத்தியாயத்தில் நடப்பது இதுதான். அந்த ஜந்து முதலாண்டுப் பிள்ளைகள் தூங்கும் பக்கம் போகிறது. எல் ஓடித் தப்பிக்கலாம். அவளை யாரும் பார்க்கவில்லை. ஓடாமல் அதற்குள்ளே போய், உள்ளே சிக்கியிருக்கும் ஒவ்வோர் உயிரையும் தன் மந்திரத்தால் விடுவித்து அதைக் கொல்கிறாள். வெளியே வந்து யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. என் கணிப்பில் நாவலின் உச்சம் அதுதான். இருட்டு எவ்வளவு அடர்த்தியோ அந்தச் செயலுக்கு அவ்வளவு எடை. பயத்தைக் குறைத்து எழுதியிருந்தால் அது வெறும் சாகசமாக முடிந்திருக்கும். அம்மா மகனைத் தொடர அனுமதித்தார். அடுத்த கூட்டத்துக்கு அவரும் வந்து உட்கார்ந்தார். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் மட்டும் வேண்டாம் என்றார்கள். அவளுக்கு வேறு புத்தகம் கொடுத்தோம், தனியாகப் பேசினோம்.

## சிறந்த கூட்டம்: காப்பாற்றுவது தவறா?

நாவலின் உண்மையான பலம் அதன் பொருளாதாரம். இதை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை, பிள்ளைகளே பிடித்துவிட்டார்கள். என்க்ளேவ் பிள்ளைகள் குடும்பம் சேர்த்துவைத்த மனாவோடு உள்ளே வருகிறார்கள். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் நடக்கிறார்கள், ஆபத்தான இருக்கையில் தாங்கள் உட்கார்ந்துகொள்கிறார்கள், பள்ளிப் பராமரிப்பு வேலையை அவர்களுக்குப் பதிலாகச் செய்கிறார்கள். பட்டம் முடிந்ததும் என்க்ளேவில் ஓர் இடம் கிடைக்கும் என்ற ஆசைதான் காரணம். எல்லிடம் சேமிப்பு இல்லை. தண்டால் எடுத்தும், தனக்குப் பிடிக்காத குரோஷே பின்னியும் துளித்துளியாக மனா சேர்க்கிறாள். பிடிக்காத வேலை என்பதால்தான் அதில் மனா அதிகம். “டெஸ்ட் சீரீஸ் வாங்கினவனும் வாங்காதவனும் ஒரே ஹால்ல எழுதற மாதிரி” என்றாள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நுழைவுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே பலர்.

ஓரியன் விஷயத்துக்கு வந்தபோது சூடு ஏறியது. அவன் மூன்று வருடமாக எல்லோரையும் காப்பாற்றியிருக்கிறான். விளைவு, தீனி கிடைக்காத ஜந்துக்கள் கீழ்க்கூடத்தில் பசியோடு கூடி, மேலே ஏற முட்டி மோதுகின்றன. அந்த வருடம் வெளியேறவேண்டிய இறுதியாண்டு மாணவர்களுக்கு நிலைமை முன்னெப்போதையும்விட மோசம். அப்படியானால் அவன் காப்பாற்றியது தவறா?

ஒரு தரப்பு, கணக்கு உடைந்ததற்கு அவன்தான் காரணம் என்றது. இறுதியாண்டு மாணவர்கள் செய்த பாவம் என்ன? இன்னொரு தரப்பு, கண் முன்னே சாகிறவனைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவன் மனிதனா என்றது. ஒன்பதாம் வகுப்புப் பையன், அதுவரை வாயே திறக்காதவன், தப்பு ஓரியன் மேல் இல்லை, பிள்ளைகளைத் தின்னக்கொடுத்தால்தான் ஓடும் என்று கட்டிவைத்த பள்ளி மேல் என்றான். அவனுடைய அம்மா பின்வரிசையில் இருந்தார். நாவல் பிறகு போகும் திசையும் அதுதான். மூத்த மாணவர்கள் சிலர் எல்லுடனும் ஓரியனுடனும் கூடத்துக்கே இறங்கி, ஜந்துக்களை அழிக்கவேண்டிய, பழுதாகிக் கிடக்கும் சுத்திகரிப்பு இயந்திரத்தைச் சரிசெய்யப் போகிறார்கள்.

விவாதத்துக்கு நாங்கள் தீர்ப்பு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த கூட்டத்தில் பேச்சு வந்திருக்காது.

## இரண்டு பிரதிகள், ஒரு பத்தி வித்தியாசம்

பக்க எண்ணை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாணவியின் பிரதியில் மட்டும் கூடுதலாக ஒரு பத்தி இருப்பது தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆரம்பப் பதிப்பு அது. குளியலும் முடியும் பற்றிய அந்தப் பத்தியில், திரித்த சடைமுடி வைத்திருந்தால் ஒரு ஜந்து அதில் முட்டையிடும், ஆகவே அங்கே அது ஆகாது என்று எல் விவரிக்கிறாள். மற்றவர்கள் கையில் இருந்த பிற்காலப் பதிப்புகளில் அது இல்லை.

காரணம் பொதுவெளியில் பதிவான விஷயம். நாவல் வந்த சில வாரங்களிலேயே, கறுப்பினத்தவரின் டிரெட்லாக்ஸ் முடி அழுக்கு, பூச்சி பிடித்தது என்று காலங்காலமாகச் சொல்லப்படும் இழிவை அந்தப் பத்தி அப்படியே திரும்பச் சொல்கிறது என்று வாசகர்கள் எதிர்த்தார்கள். நோவிக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அடுத்தடுத்த அச்சுகளில் அந்தப் பகுதி நீக்கப்பட்டது.

எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் இதில் என்ன தவறு என்றே புரியவில்லை. சடைமுடி என்றால் அவர்களுக்குச் சிவனும் சித்தர்களும்தான் நினைவு. பேசாமல் கடந்துபோகலாமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பேச முடிவெடுத்தோம், ஏனென்றால் பத்தி ஏற்கெனவே ஒருத்தி கையில் இருந்தது. மறைத்தால் அது ரகசியமாக மட்டுமே பரவும். முடிக்காகவே அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளியிலும் பெரியவர்களை வேலையிலும் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும், அதைத் தடுக்கக் கலிஃபோர்னியா 2019இல் தனிச்சட்டமே கொண்டுவந்தது என்பதையும் சொன்னோம். அப்புறம் அந்தப் பத்தியை மறுபடி படிக்கச் சொன்னோம். இந்த முறை பிள்ளைகளின் முகம் மாறியது.

அங்கிருந்து பேச்சு தானாகவே நாவலின் இன்னொரு பலவீனத்துக்குப் போனது. உலகத்தின் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் இந்தப் பள்ளியில் இருக்கிறார்கள், ஆனால் பலருக்கு ஒரு பெயரும் அவர்கள் பேசும் மொழியும் தவிர வேறொன்றும் இல்லை. எல்லின் தோழிகளான ஆத்யாவும் லியுவும் விதிவிலக்கு. அந்த நட்புகள் பண்டமாற்றாகத் தொடங்கி மெல்ல மெல்ல நம்பிக்கையாவது அழகாக வந்திருக்கிறது. எல்லின் தந்தைவழிக் குடும்பம்தான் எங்களுக்கு உறுத்தியது. அந்தக் குடும்பத்தின் மூதாட்டி இவளால் பேரழிவு வரும் என்று குறி சொல்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் ஓடிவருகிறாள். முதல் நூலில் இந்தியா என்றால் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பண்பாடு எப்படித் தெரியும் என்று சிலர் ஆசிரியருக்காகப் பேசினார்கள். அதுவும் சரிதான். மூன்றாவது நூலில் அந்தக் குறியின் பொருளே வேறாகிவிடுகிறது. ஆனால் முதல் நூலை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு அது கிடைக்காதே.

ஐயா மட்டும் ஓரிடத்தில் மகிழ்ந்துபோனார். எல்லுக்கு நூலகத்தில் கிடைக்கும் அரிய சமஸ்கிருத நூலான பொற்கல் சூத்திரங்களை எழுதியவர் புரோசனன். பாரதத்தில் துரியோதனனுக்காக அரக்கு மாளிகை கட்டியவன். பாதுகாப்பான வீடு என்று நம்பவைத்து உள்ளே கொளுத்தக் கட்டிய கட்டடம் அது. என்க்ளேவ்களைப் பற்றிப் பேசும் நாவல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது யோசித்துச் செய்த வேலை என்று விளக்கினார். பிள்ளைகள் சிலர் அன்றே வாரணாவதக் கதையைத் தேடிப் படித்தார்கள்.

## தனியாகச் சாப்பிடும் பெண்

கடைசிக்கு முந்தைய கூட்டத்தில், நாவலில் மிகவும் பயமுறுத்திய இடம் எது என்று பெயர் போடாமல் எழுதித்தரச் சொன்னோம். ஒரு சீட்டில், ஜந்து எதுவும் இல்லை, சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு நின்று யார் பக்கத்தில் உட்காருவது என்று எல் பார்க்கிற இடம்தான், எனக்கு அது தினமும் நடக்கிறது என்று இருந்தது. கையெழுத்து தெரிந்த கையெழுத்து. ஒதுக்கப்பட்ட பெண்ணின் மனத்தை இந்த நாவல் எவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அதை இலக்கியக் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

கூட்டத்தில் அந்தச் சீட்டை வாசிக்கவில்லை. முடிந்தபின் அவளோடு தனியாகப் பேசினேன். எழுதியது தான்தான் என்று அவளாகவே சொன்னாள். உடனே பள்ளிக்குத் தகவல் சொல்லலாம் என்றுதான் ஐயா நினைத்தார். அவளைக் கேட்காமல் செய்தால் இங்கேயும் வாயை மூடிக்கொள்வாள் என்று நான் நினைத்தேன். உடனடி ஆபத்து எதுவும் இல்லை என்று அவளிடம் நேரடியாகவே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, யாரிடம் சொல்வது என்பதை அவள் முடிவுக்கு விட்டோம். அம்மாவிடமும் வகுப்பாசிரியையிடமும் சொல்லச் சம்மதித்தாள். பள்ளியில் என்ன மாறியது என்று அவள் அதிகம் பேசவில்லை. வட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை.

## முடிவில் பிள்ளைகள் சொன்னது

நாவலின் முடிவு யாருக்கும் திருப்தி தரவில்லை. கூடத்துச் சண்டை நன்றாக இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் எல்லின் தாயிடமிருந்து, ஓரியனிடமிருந்து விலகி இரு என்று ஒரு குறிப்பு வருகிறது. புத்தகம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஓரியன் யார் என்பதையே அடுத்த நூல்களுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்த நூல் முழுக்க அவன் மெலிந்து தெரிகிறான் என்றான் ஒருவன். ஒப்புக்கொள்ள வேண்டிய விமர்சனம். அவனை விரும்பக் காரணம் கிடைக்கிறது, புரிந்துகொள்ளக் கிடைக்கவில்லை. முடித்தவர்களில் பெரும்பாலோர் பிறருக்குப் பரிந்துரைப்போம் என்றார்கள், முதல் ஐம்பது பக்கத்துக்கு எச்சரிக்கை சொல்லிவிட்டு.

## அடுத்த முறை செய்யவிருப்பவை

விதிகள் தாளை முதல் கூட்டத்திலேயே கொடுப்போம். ஆனால் அதைப் பெரியவர்கள் எழுதக் கூடாது, முன்பு படித்த பிள்ளைகள்தான் எழுத வேண்டும். உள்ளடக்கக் கடிதம் புத்தகத்தைத் தேர்வு செய்யும்போதே வீட்டுக்குப் போகும். பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோரும் ஓர் அத்தியாயமாவது படித்திருக்க வேண்டும் என்று கேட்போம். திருத்தப்பட்ட பத்தியைத் தற்செயலுக்கு விடாமல், திட்டமிட்டே ஒரு கூட்டத்தில் எடுத்துக்கொள்வோம். பெயரில்லாச் சீட்டு எழுதவைக்கும் நாளில், கூட்டம் முடிந்த பிறகு எங்களில் ஒருவர் அவசரமில்லாமல் அங்கேயே இருக்கும்படி நேரம் ஒதுக்குவோம்.

இரண்டாவது நூலையும் படிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பொதுத்தேர்வு முடிந்ததும் தொடங்குகிறோம். விதிகள் தாளை எழுதும் பொறுப்பை அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.